மேட்டுப் பக்கம் திருப்பி நிறுத்திய கார்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு, அக்கரப்பத்தனைப் பக்கம், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஒன்றுடன் எங்கள் கார் மோதியது. காரை ஓட்டிய என் கணவர் கணேசமூர்த்தி இறந்துபோனார். பக்கத்து ஆசனத்தில் இருந்த நான் பிழைத்தேன். எனக்கு முன்னால் இருந்த ஏர்பேக் விரிந்தது. அவருக்கு முன்னால், ஸ்டீயரிங்குக்குள் இருந்தது விரியவில்லை.

மரணத்தைக் கடைசிப் பக்கத்தில் வைத்து வாசகரைத் திடுக்கிட வைக்கும் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. அதனால் அதை முதல் பந்தியிலேயே வைத்துவிட்டேன். இனி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது இந்தக் கதையில் இருக்கும் இன்னொருவர். அவருக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

நான் ஹட்டன் டவுனில் ஓர் அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோர்க்கிறேன். கல்யாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல். என் கணவரின் கருமாதி அட்டையையும் நான்தான் கோர்த்தேன். வேறு யாராவது செய்யட்டும் என்று முதலாளி சொன்னார். வேறு யாராவது செய்தால் அவர் பெயரில் 'ர்' விட்டுப்போகும் என்று நான் சொன்னேன். அச்சகத்தில் எல்லோருக்கும் நான் லெச்சுமி அக்கா.

மற்றவர்களின் வாக்கியங்களைத் திருத்திப் பழகிய எனக்கு என் வாக்கியத்தை எப்படி விடுவது என்று தெரியவில்லை. ஆகவே, திருத்தியதையும் கைவிட்டதையும் அடைப்புக்குறிக்குள் அப்படியே வைத்திருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

['மூடுபனி மலைகளை மெல்லப் போர்த்திக்கொண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில்']

இதை அடித்துவிட்டேன். அன்றைக்கு மூடுபனி இல்லை. நல்ல வெயில். எங்கள் பகுதியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மூடுபனியில் தொடங்குகிறார்கள், நானும் கை பழக்கத்தில் எழுதிவிட்டேன். விபத்துக்கு மூடுபனி காரணமாக இருந்திருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

இரண்டாவது தொடக்கம்:

'காரின் முன்பலகையில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உருவம், அதன் நெஞ்சுக்கு முன்னால் ஒரு வட்டம்.'

இது பரவாயில்லை. விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னால் நடந்தது இது. இதிலிருந்தே போகிறேன்.

3

எங்களுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். கணேசமூர்த்தி அதை ஹட்டனிலிருந்து வாடகைக்கு, ஹயர் ஓட்டினார். விளக்கு எரியத் தொடங்கியபோது அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அதே நாட்களில் ஹோர்னும் சில வேளை அடித்தது, சில வேளை அடிக்கவில்லை. எங்கள் பாதைகளில் பிரேக் இல்லாமல்கூட ஒரு வளைவு போய்விடலாம், ஹோர்ன் இல்லாமல் போக முடியாது என்பார். ஹோர்னுக்காகத்தான் திலக்ஷனிடம் போனோம்.

திலக்ஷனின் கராஜ் டிக்கோயாவுக்குப் போகும் பாதையில், ஒரு சரிவில் இருக்கிறது. கராஜ் என்றால் நான்கு இரும்புத் தூண், மேலே தகரம். கார் நிற்பது பாதையோரத்துச் சரிவில்தான். இடது பக்கம் மண்மேடு, வலது பக்கம் பாதை, பாதைக்கு அப்பால் பள்ளம். என் கணவர் காரை மேட்டோரம் கொண்டுபோய், முன்சக்கரங்களை மேட்டுப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, ஒரு கல்லை எடுத்து அடியில் வைத்தார். மலையில் காரை நிறுத்துகிற எல்லோரும் செய்வதுதான். நாங்கள் ஹேண்ட்பிரேக்கை நம்புவதில்லை. சக்கரம் மேட்டைப் பார்த்திருந்தால், கார் உருண்டாலும் மண்ணில் முட்டி நிற்கும்.

நான் ஒரு பழைய டயரில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு பார்த்தேன்.

திலக்ஷன் பெட்டரியின் வயரைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றான். ஏன் சும்மா நிற்கிறாய் என்று என் கணவர் கேட்டார். உள்ளே தங்கியிருக்கிற மின்சாரம் வடிய வேண்டும், இல்லாவிட்டால் ஏர்பேக் பை கையிலேயே வெடித்துவிடும் என்றான்.

"வெடிக்கட்டுமேடா. ஒன் மூஞ்சி ஏற்கனவே சப்பையாத்தானே இருக்கு."

"அண்ணே, வெடிச்சா மொதல்ல ஒங்க வண்டிக்குத்தான் செலவு."

பிறகு ஸ்டீயரிங் நடுவில் இருந்த மூடியைக் கழற்றினான். அதற்குள்தான் பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல்பக்கம் வானத்தைப் பார்க்க, நெஞ்சிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டுபோய்த் தனியாக ஒரு மேசையில் வைத்தான். பை இருந்த இடத்தில், மஞ்சள் நிறப் பிளக்கில், பயறு அளவு சின்னச் சாமான் ஒன்றைச் செருகினான். பைக்கு உள்ள அதே மின்தடை அதற்கும் இருக்கிறதாம், கார் அதைப் பை என்று நம்புமாம். பெட்டரியைத் திரும்பக் கொடுத்துச் சாவியைத் திருப்பியபோது விளக்கு எரிந்தபடியே இருந்தது. ஆகவே பையில் பிழை இல்லை, பைக்குப் போகிற வழியில்தான் பிழை.

(இந்த இடத்தில் ஒன்று. அந்தச் சின்னச் சாமானால் விளக்கை அணைக்க முடிகிற கார்களில், அதை அப்படியே உள்ளே விட்டு மூடிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். திலக்ஷன் அப்படிப்பட்டவன் இல்லை. இதை நீங்கள் நம்பினால்தான் கதை நடக்கும்.)

வழி என்பது ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஒரு சுருள். ஸ்டீயரிங் சுற்றுகிறது, வயர் சுற்ற முடியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில், கடிகாரத்துக்குள் இருப்பதுபோல், தட்டையான நாடா ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பினால் அது இறுகும், மறுபக்கம் திரும்பினால் தளரும். ஏர்பேக்குக்கும் ஹோர்னுக்கும் அந்த ஒரே நாடாதான் வழி. எங்கள் வளைவுகளில் ஓடி ஓடி அது தேய்ந்திருந்தது.

என் கணவர் பஸ் பிடித்து டவுனுக்குப் போய்ப் புதுச் சுருள் வாங்கி வந்தார். புதுச் சுருள் சரி நடுவில் ஊசி குத்திப் பூட்டப்பட்டு வரும். திலக்ஷன் அதைப் பொருத்தி, ஊசியைப் பிடுங்கி, சின்னச் சாமானுக்குப் பதிலாகப் பையையே திரும்ப மாட்டி, எல்லாவற்றையும் மூடினான். விளக்கு அணைந்தது. ஹோர்ன் அடித்தது. என் கணவர் அதை விடாமல் அடித்துக்காட்ட, மேலே தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, கல்யாண ஊர்வலமா என்று கேட்டாள்.

4

திலக்ஷனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மனிதனைப் பற்றி இல்லை, பாத்திரத்தைப் பற்றி.

முதல் பிரதியில் அவனைக் குடிகாரனாக எழுதினேன். எழுத வசதியாக இருந்தது. [குடித்துச் சிவந்த கண்களோடு அவன் ஸ்பேனரைத் தேடினான்.] இதை வாசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் குடிப்பதில்லை. இரண்டாவது பிரதியில் அவசரக்காரனாக ஆக்கினேன். அவன் பெட்டரியைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றதை நானே சற்று முன்னால் எழுதியிருக்கிறேன். மூன்றாவது பிரதியில் மிக நல்லவனாக்கினேன். அதுவும் சரிவரவில்லை. அவன் கடன் கேட்டவர்களைக் காண விரும்பாமல் தகரத்துக்குப் பின்னால் ஒளிவதை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மையான திலக்ஷன் இவ்வளவுதான்: வேலையைத் தெரிந்தவன், பெரும்பாலும் கவனமானவன், ஒரு விசயத்தைப் பார்க்காமல் விட்டவன். என் கணவரின் பாடையைத் தூக்கியவர்களில் ஒருவன். அதற்குப் பிறகு ஒரு வாரம் கராஜைத் திறக்கவில்லை. திறந்த பிறகு, என் வீட்டு லைட் எரியவில்லை என்றாலும் குழாய் ஒழுகினாலும் யார் சொல்லியோ தெரிந்துகொண்டு வந்துவிடுவான். அண்ணன் இருந்தால் என்று ஒரு வார்த்தையைத் தொடங்குவான், முடிக்கமாட்டான்.

ஒரு கெட்டவனைச் சுற்றி இந்தக் கதையை எழுத முடிந்திருந்தால் நேற்றே முடித்திருப்பேன்.

5

அன்றைய நாள்.

அக்கரப்பத்தனையில் என் தங்கை வீட்டு விசேசம். சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். லயத்துக்கு முன்னால் கோயிலடியில் இடம் குறைவு. காரைத் திருப்ப வேண்டுமானால் ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழுவதுமாக ஒடிக்க வேண்டும், பின்னால் எடுக்க வேண்டும், திரும்பவும் ஒடிக்க வேண்டும். தங்கையின் மாமனார் கையை ஆட்டி ஆட்டி வழி சொன்னார். என் கணவர், இந்த மனுசன் சொல்றதக் கேட்டா நாம நேரா கோயிலுக்குள்ளதான் போவோம் என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். அதுதான் அவர் என்னிடம் சொன்ன கடைசி வாக்கியம். இதைவிட நல்ல வாக்கியம் ஒன்றை நான் அவருக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவர் சொன்னது இதுதான்.

லயத்துக்குக் கீழே முதல் வளைவு.

இங்கே ஒரு வாக்கியம் வர வேண்டும், அது எனக்கு வரவில்லை.

[முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.]

[முன்பலகையில் விளக்கு எதுவும் எரியவில்லை.]

[நான் முன்பலகையைப் பார்க்கவில்லை.]

மூன்றும் என் கையெழுத்தில் இருக்கின்றன. மூன்றையும் படிக்கும்போது மூன்றும் எனக்கு ஞாபகத்துக்கு வருகின்றன. அதனால் மூன்றையும் விட்டுவிடுகிறேன்.

உறுதியாகத் தெரிந்தது ஒன்று. வளைவு வரும்போது அவர் உள்ளங்கையால் ஸ்டீயரிங்கின் நடுவை அழுத்தினார். திரும்பவும் அழுத்தினார். அழுத்தியதைக் கண்டேன். சத்தத்தைக் கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டிருந்தாலும் அது ஞாபகத்தில் நின்றிருக்காது, எங்கள் ஊரில் ஹோர்ன் சத்தத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? மேலேறி வந்த கொழுந்து லொறிக்காரர், ஹோர்ன் கேட்கவே இல்லை என்று பொலிஸில் சொன்னார். தப்புவதற்காகச் சொல்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

6

சென்ற வாரம் கோபிசங்கர் என் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வாகன விபத்துகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது அவர் உத்தியோகம். காப்புறுதிக்காக எங்கள் காரைப் பார்த்தவர் அவர்தான். அறிக்கை முடிந்துவிட்டது, காரின் உள்பெட்டியில் பிழை பதிவாகியிருந்தது, ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக்கின் வழி அறுந்திருந்தது என்றார். எப்போது அறுந்தது என்று அந்தப் பெட்டி சொல்லாதாம்.

பிறகு, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அறிக்கையில் எழுதாத ஒன்றைக் கேட்டார். சுருள் மாற்றியபோது கார் எங்கே, எப்படி நின்றது என்று. சொன்னேன். சரிவில், மேட்டுப் பக்கம் சக்கரத்தைத் திருப்பி.

"நினைச்சன்," என்றார்.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். சுருளின் நடுவும் சக்கரங்கள் நேராக நிற்கிற நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை ஒரு முழுச் சுற்று மேட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தினால், அது பார்வைக்கு நேராகத்தான் இருக்கும், சக்கரங்கள் மட்டும் திரும்பியிருக்கும். அந்த நிலையில் புதுச் சுருளைப் பொருத்தினால் ஒரு பக்கம் ஒரு சுற்று மிச்சம், மறுபக்கம் ஒரு சுற்றுக் குறைவு. விளக்கு அணையும். ஹோர்ன் அடிக்கும். சாதாரண வளைவுகளில் மாதக்கணக்காக ஓடும். என்றைக்கு மறுபக்கம் முழுவதுமாக ஒடிக்கிறோமோ அன்றைக்கு நாடா போதாமல் அறும். சமதரையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தவறு வராதாம், அங்கே யாரும் சக்கரத்தைத் திருப்பி நிறுத்துவதில்லை.

"அக்கா, இது என்ர ஊகம். பை விரிஞ்சிருந்தா அவர் தப்பியிருப்பார் எண்டும் நான் சொல்லமாட்டன். ஆனா அந்தப் பெடியன் இப்பவும் அதே சரிவில நிண்டுதானே வேலை செய்யிறான்?"

நீங்களே சொல்லிவிடுங்களேன் என்றேன். தான் சொன்னால் அது குற்றச்சாட்டு ஆகிவிடும் என்றார். நான் சொன்னால் அது என்னவாகும் என்று அவர் சொல்லவில்லை.

7

சொல்லாமல் இருப்பது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சில நாட்கள் நன்றாகவே இருந்தது. இந்தக் கதையை அங்கேயே நிறுத்தி ஒரு பிரதி எழுதியும் வைத்தேன். அதில் ஒரு விதவை பெருந்தன்மையோடு மௌனமாக இருக்கிறாள். வாசித்த ஒரே ஆள் அச்சகத்தில் பக்கத்து மேசைப் பிள்ளை. அழகாக இருக்கிறது அக்கா என்றாள். அழகாகத்தான் இருந்தது.

நேற்றுக் காலை நாகலெட்சுமி அச்சகத்துக்கு வந்தாள். தோட்டத்து மருத்துவிச்சி. மகள் பெரிய பிள்ளையான சடங்குக்கு அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்திருந்தாள். நடந்தா வந்தாய் என்று கேட்டேன்.

"வண்டிய திலக்ஷன்கிட்ட வுட்டுட்டு வாரேன். அந்த ஏர்பேக் லைட்டு எரியுதுனு ஒரே கரச்சல். எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகுதுனு இருந்தேன், ஹோனும் அடிக்க மாட்டேங்குது. புதுசு ஒண்ணு மாத்தணுமாம். இன்னைக்கே தாரேன்னு சொன்னான். வேலையில சுத்தம்டி அவன்."

அழைப்பிதழை ஒரு முறை சரிபார்த்துக் கொடுத்தேன். மகளின் பெயரில் பிழை எதுவும் இருக்கவில்லை. பிறகு முதலாளியிடம் சொல்லிவிட்டு டிக்கோயாப் பாதையில் நடந்தேன்.

நாகலெட்சுமி பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் தோட்டங்கள் எல்லாவற்றிலும் கோயிலடிதான் கார் திருப்புகிற இடம்.

(நடந்து போனபோது ஒத்திகை பார்த்த வாக்கியங்கள்: [தம்பி, ஒன்று சொன்னால் தப்பாக எடுக்கக் கூடாது.] [தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.] இரண்டும் பொய். இரண்டாவது பாதிப் பொய்.)

8

முடிவுகள்.

முதல் முடிவில், நான் போகும்போது வேலை முடிந்து காரை மூடிவிட்டான். நாகலெட்சுமி ஹோர்னை அடித்துப் பார்த்துச் சிரிக்கிறாள். இதை எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். நடக்காத ஒன்றால் உங்களைப் பயமுறுத்தப் பார்த்தேன், மன்னிக்கவும்.

இரண்டாவது முடிவில், நான் எல்லாவற்றையும் சொல்கிறேன், அவன் அழுகிறான், நான் அவன் தலையைத் தடவுகிறேன். எங்கள் இருவரையும் எனக்குத் தெரியும். இருவருமே இதைச் செய்யக்கூடியவர்கள் இல்லை.

நடந்தது இதுவரைக்கும் இப்படி.

நாகலெட்சுமியின் கார் அதே மேட்டோரம், முன்சக்கரங்கள் மண்ணைப் பார்க்க, கல் வைத்து நின்றது. திலக்ஷன் பெட்டரியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தான். என்னைக் கண்டதும் டயரில் பழைய சாக்கை விரித்து உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை.

"சக்கரத்த நேராக்கிட்டுக் கழட்டு தம்பி."

"நேராத்தாங்க்கா இருக்கு," என்று ஸ்டீயரிங்கைக் காட்டினான். அது நேராகத்தான் இருந்தது.

"ஸ்டீயரிங்க இல்ல. டயரப் பாரு."

சிரித்துக்கொண்டே, நீங்களும் கராஜ் போடப் போறீங்களாக்கா என்று கேட்டபடி, முன்பக்கம் சுற்றிப்போய்க் குந்திப் பார்த்தான். அங்கேயே குந்தியிருந்தான். கொஞ்ச நேரம் எனக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

எழுந்து வந்து இன்னொரு கல்லைத் தேடிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். சாவியைப் போட்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இழுத்து, ஒரு முழுச் சுற்றுத் திருப்பினான். ஸ்டீயரிங் முன்பு இருந்த மாதிரியே நேராக வந்து நின்றது. கீழே சக்கரங்களும் இப்போது நேராக நின்றன. அவன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

நாகலெட்சுமியின் கதை இங்கே முடிந்துவிட்டது. அவள் அன்று மாலை காரை எடுத்துப் போனாள். அவளைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

திலக்ஷன் என்னைப் பார்க்காமல் கேட்டான்:

"அண்ணன் வண்டி அன்னைக்கு எப்புடிக்கா நின்னுச்சு? நீங்க இங்கதானே ஒக்காந்திருந்தீங்க."

இதற்கு ஒரு சொல்லில் பதில் இருக்கிறது. இரண்டு விதமான ஒரு சொல்: 'நேராக', அல்லது 'திரும்பி'. 'ஞாபகம் இல்லை' என்பதையும் சேர்த்தால் மூன்று விதம். மூன்றையும் எழுதி, அவற்றுக்குப் பின்னால் வரக்கூடிய அவனுடைய நாட்களையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் கராஜை மூடுகிறான். ஒன்றில் ஒவ்வொரு காருக்கும் முன்னால் குந்திப் பார்க்கிறான், அறுபது வயதிலும். ஒன்றில் அவன் என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுகிறான். எந்தப் பதிலுக்குப் பின்னால் எது வரும் என்று பொருத்த என்னால் முடியவில்லை. எப்படிப் பொருத்தினாலும் பொருந்துகிறது.

நான் ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே கோர்க்கப் போவதில்லை. இந்த இடத்தில் ஒரு வரி அளவு வெற்றிடம் விட்டிருக்கிறேன், உங்களுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.

[                                        ]

ஆனால் எழுதுமுன் அவன் திரும்பும்வரை பொறுத்திருங்கள். கேட்ட பிறகு அவன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.